பட்டுக்கு ஆகாதது வண்டிக்கும் ஆகாது

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா கடலூர் மஞ்சக்குப்பம் டாக்ஸி ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளை அம்பாசடர், மார்க் 3. கார் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு சோப்பு உண்டு என்ற பேச்சு அந்த ஸ்டாண்டில் எழுந்ததே இல்லை. ஆளுக்கொரு கைமுறை வைத்திருந்தார்கள். ஒருவர் துணி துவைக்கும் பார் சோப்பைத் துருவி வாளியில் கரைப்பார். இன்னொருவர் சலவைத் தூளை அள்ளிப் போடுவார். சீயக்காய்தான் வண்டிக்குக் குளிர்ச்சி என்று சாதிக்கும் மாமா ஒருவர் இருந்தார். முன்பு பஸ் ஓட்டியவர்களோ மண்ணெண்ணெய் நனைத்த துணியை விட்டால் வேறு எதையும் மதிக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, எந்த வண்டி எதில் குளிக்கிறது என்பது மனப்பாடம். எந்த வண்டி சீக்கிரம் மங்கிப்போகிறது என்பதும் தெரியும். சலவைத் தூள் வண்டிகள்தான் முதலில் மங்கும். கழுவி முடித்த அன்று பளிச்சென்று இருக்கும். சில மாதம் போனால் பானெட்டில் சுண்ணாம்பு பூத்துவிடும். விரலால் இழுத்தால் விரலில் வெள்ளை ஒட்டும். கழுவும் துணியைப் பிழிந்தால் தண்ணீர் பால் நிறத்தில் போகும்.

அதன் காரணம் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமற்ற ஒரு பூச்சு அடிக்கிறார்கள். வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். பழைய அம்பாசடரில் அது கிடையாது; நிறமே நேராக வெயிலைப் பார்த்தது. அதற்கிருந்த ஒரே காவல் எப்போதாவது தேய்க்கும் மெழுகு பாலிஷ். சலவைத் தூளில் சலவைச் சோடா உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியிலிருந்து பிடுங்கி எடுப்பது அதன் தொழில். மெழுகையும் அது பிசுக்கென்றே நினைத்துப் பிடுங்கிவிடும். மெழுகு போனபின் வெயில் பெயிண்டைத் தின்னத் தொடங்கும். போதாக்குறைக்கு, சரியாகக் கரையாத தூள் துணிக்கடியில் மணலாக உருளும்.

இந்த விஷயத்தில் ஸ்டாண்டில் யாருக்கும் இல்லாத தெளிவு அம்மாவுக்கு இருந்தது. ஒரு மத்தியானம் அப்பா வாசலில் கொளுத்தும் வெயிலில் வண்டியை நிறுத்தி, சலவைத் தூள் நுரையை அப்பிவிட்டு, உள்ளே வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே நுரை காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, பட்டுல போடாத சோப்ப வண்டியில ஏன் போடுறீங்க? அதுவும் வெயில்ல வச்சு?"

"வண்டி என்ன உன் கூறைப்புடவையா?"

"அதவிட வெல கூட இல்லையா?"

அப்பாவிடம் பதில் இல்லை. மோர்ச் செம்பை வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியைக் கொன்றை மர நிழலுக்குத் தள்ளினார். அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் இத்தனை வருஷமும் எனக்குக் கைகொடுக்கிறது. பட்டை எப்படித் துவைக்கிறோம்? காரமில்லாத நீரில் அலசுகிறோம், முறுக்கித் தேய்ப்பதில்லை, நிழலில் உலர்த்துகிறோம். பெயிண்டுக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்.

அம்மா பட்டுக்குப் போட்டது பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொற்கொல்லர்கள் நகை கழுவவும் அதைத்தான் வைத்திருப்பார்கள். காய்ந்த கொட்டையைத் தட்டி உள்ளிருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் இரவு ஊறப்போட வேண்டும். காலையில் கையால் பிசைந்தால் பழுப்பு நீரில் நுரை குமுறிக்கொண்டு எழும். அதிலுள்ள சப்போனின் என்ற பொருள்தான் நுரைக்குக் காரணம். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் பார் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாக மிதந்து, கண்ணாடியில் படிந்து தொலைக்கும். பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், கசடு கட்டாது.

அடுத்த தடவையிலிருந்து அப்பா வண்டிக்கும் அதுதான். ஆனால் ஊறிய நீரை அப்படியே ஊற்றக் கூடாது. தோலின் துணுக்குகள் கீறிவிடும். மெல்லிய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டித் தருவாள் அம்மா. தூசிக்கும் லேசான பிசுக்குக்கும் அது போதும். என்ஜின் எண்ணெய்க் கறைக்குப் போதாது. ஓரிரு நாளில் புளித்து நாறும் என்பதால் அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது. சீயக்காயிலும் இதே சப்போனின்தான் இருக்கிறது. ஆனால் கடையில் அரைத்து வரும் சீயக்காய்த்தூள் நறநறவென்றிருக்கும். குளிர்ச்சி மாமாவின் வண்டியில் கீறல் அதிகம் இருந்ததற்கும் வெளிர்நிறக் கதவில் பழுப்பேறியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும்.

எது காரம், எது காரமில்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழியை ஆயுத பூஜை காட்டிக்கொடுத்தது. பூஜையன்று எல்லா வண்டிக்கும் சந்தனத்தோடு மஞ்சள் குழைத்துப் பட்டை போடுவார்கள். நடுவில் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், திருஷ்டிக்குப் பூசணிக்காய். மறுநாள் காலை கழுவும்போது பார்க்க வேண்டும். சலவைத் தூள் நீர் பட்ட இடத்தில் மஞ்சள் பட்டை செங்கல் நிறத்துக்கு மாறி, சிவப்பாக வழியும். பூந்திக்கொட்டை நீர் பட்ட வண்டியில் மஞ்சள் மஞ்சளாகவே கரைந்து போகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கும் புதிதாக எந்தத் திரவம் கைக்கு வந்தாலும் நான் இதைத்தான் செய்கிறேன். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காயவைத்து, கரைத்த சோப்பை ஒரு சொட்டு விடுவேன். சிவந்தால் அது டயருக்கும் கால்மிதிக்கும். சிவக்காவிட்டால், மெழுகை எடுக்குமா என்ற அடுத்த கேள்விக்குப் போகலாம். சலவைத் தூளும் பார் சோப்பும் உடனே சிவக்கும். தலைக்குப் போடும் ஷாம்பூ சிவக்காது.

ஷாம்பூ என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்யலாம் என்ற யோசனையை நாட்டுக்குக் காட்டியவர்களில் முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பாக்கெட் ஷாம்பூ பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கத் தொடங்கிய பிறகு பூந்திக்கொட்டையை ஊறவைக்கும் பொறுமை எங்கள் வீட்டிலும் குறைந்தது. அரை வாளித் தண்ணீருக்கு ஒரு பாக்கெட். தலைமுடியின் எண்ணெயையும் அழுக்கையும் தோலை உறுத்தாமல் எடுப்பதற்காகச் செய்தது அது; பெயிண்டையும் உறுத்தாது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். நுரை அதிகமாக இருந்தால் அலசத் தண்ணீர் அதிகம் செலவாகும் என்பதால் அளவு முக்கியம். கண்டிஷனர் கலந்த ஷாம்பூவை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். முடியில் வழவழப்பாக ஒட்டி நிற்பதற்காக அதில் சேர்ப்பது கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யும்போது வைப்பர் அதன்மேல் போனால் எதிரே வருவது தெரியாது.

பாத்திரம் விளக்கும் திரவத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மஞ்சள் சோதனையில் அது பெரும்பாலும் தேறிவிடும். ஒரு தடவை கழுவினால் பெயிண்ட் உரிந்துவிடாது. வெளியூரில் மாட்டிக்கொண்டால் சில சொட்டு விட்டுக் கழுவலாம். ஆனால் சோற்றுப் பானையின் நெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது மெழுகையும் எடுத்துவிடும். பழைய மெழுகு மொத்தத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாக பாலிஷ் போட நினைப்பவர்கள் வேண்டுமென்றே அதில் கழுவுவதுண்டு. வாராவாரம் கழுவுகிறவர்களுக்கு அது உதவாது. பாத்திரம் விளக்கும் தூளோ, நாரோ, இரும்புக் கம்பியோ வண்டியின் பக்கமே வரக் கூடாது. ஸ்டாண்டில் ஒரு கிளீனர் பையன் முதலாளி வருவதற்குள் காக்கை எச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கம்பி நாரால் தேய்த்துவிட்டான். எச்சம் போனது, கூடவே உள்ளங்கையளவு பெயிண்டும் போய் ப்ரைமர் தெரிந்தது.

எச்சத்துக்குத் தேய்ப்பு தேவையில்லை, ஊறல்தான் தேவை. ஈரத்துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிஷம் விட்டால் தானாக இளகும். தள்ளிப்போடத்தான் கூடாது, அதிலுள்ள அமிலம் வெயில் சூட்டில் பெயிண்டை அரித்துத் தடம் பதித்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் வண்டிகளின்மேல் பிசுபிசுவென்று தூறலாக விழுவதற்கும் இதே வைத்தியம்தான். அந்த மரத்துப் பூச்சிகள் சாறு குடித்துவிட்டுச் சொரியும் இனிப்பு நீர் அது. வெதுவெதுப்பான ஷாம்பூ நீரில் ஊறினால் போய்விடும்.

வைகாசி, ஆனி மாதங்களில் அப்பாவுக்குப் பண்ருட்டி சவாரி அதிகம். திரும்பும்போது டிக்கி நிறையப் பலாப்பழம், இடமில்லாமல் கூரை கேரியரிலும் கட்டியிருக்கும். காம்பிலிருந்து வடியும் பால் கூரையிலும் டிக்கி மூடியிலும் சொட்டி, வெயிலில் ரப்பராகக் காய்ந்துவிடும். சோப்பு எதுவும் அதை அசைக்காது. நகத்தால் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். அம்மா அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு வந்தாள். பலா அறுக்கும்போது கையிலும் அரிவாள்மணையிலும் தடவுகிற அதே எண்ணெய். பஞ்சில் தொட்டு ஒவ்வொரு பொட்டின்மீதும் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்து பழைய பனியன் துணியால் வளைத்துத் துடைத்தபோது, ஓரம் கழன்று, பால் சுருண்டு உருண்டையாக வந்தது. அடியில் வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பசை நின்றால் தூசி ஒட்டுமென்று அந்த இடத்தை மட்டும் பூந்திக்கொட்டை நீரால் கழுவினாள்.

ஸ்டிக்கர் பசைக்கும், புதிதாகத் தார் போட்ட ரோட்டில் போய் ஒட்டிய தார்ப் புள்ளிக்கும் தேங்காய் எண்ணெய் அதே வேலையைச் செய்கிறது. கொஞ்சம் அதிக நேரம் கேட்கும், அவ்வளவே. மண்ணெண்ணெய் சீக்கிரம் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கதவோரத்து ரப்பர் பீடிங்கை ஊதவைத்துக் கெடுக்கும், தீப்பிடிக்கும், வாடை நாள்கணக்கில் போகாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த வண்டி மினுங்குவது ஒரு பொழுதுக்குத்தான். அந்தப் பசைமேல் ஊர்த் தூசி முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் கணக்கு வேறு. அம்பாசடரின் குரோமிய பம்பரை அப்பா திருநீற்றால் துடைப்பார். வெள்ளிக் குத்துவிளக்கு பளபளப்பதும் அதில்தானே. கண்ணாடியில் உப்புத் தண்ணீர்த் திட்டு படிந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து உடனே அலச வேண்டும். பெயிண்டில் வழிய விடக் கூடாது. பிறகு ஈரமாக்கிய தினத்தந்தித் தாளால் ஒரு துடைப்பு. பாட்டரி முனையில் பூக்கும் பச்சை வெள்ளைப் பொருக்குக்கு ஆப்ப சோடா கரைத்த நீர்; முனையிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தைச் சோடா முறிக்கும். இப்போது சிலர் வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஒன்றை ஒன்று முறித்து இரண்டுமே வீணாகிறது என்பதுதான் அந்தப் பொங்கலின் அர்த்தம். ஹெட்லைட்டில் பற்பசை தேய்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பற்பசையின் நுண்ணிய தூள் மங்கிய மேல்தோலைச் சுரண்டி எடுப்பதால் அப்போதைக்குத் தெளியும். கூடவே வெயிலைத் தடுக்கும் பூச்சும் போவதால் முன்னைவிடச் சீக்கிரம் மஞ்சளாகும்.

சோப்பைவிட மண்தான் பெரிய எதிரி என்பதை 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு கண்ணால் பார்த்தேன். பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். புயல் ஓய்ந்த காலையில் என் வண்டி இருந்த இடத்தில் இலைக்கூழும் கடல் மணலும் உப்பும் பூசிய ஓர் உருவம் நின்றது. ஊரில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது. அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி துணியோடு உதவிக்கு வந்தான். அப்பா அவனைத் தொடவிடவில்லை. "தம்பி, மொதல்ல மண்ணு போவட்டும்" என்றார்.

கூரையிலிருந்து தொடங்கிச் சொம்பு சொம்பாக மெல்ல ஊற்றினார். மணல் தானாக நகர்ந்து கண்ணாடி வழியே இறங்கி, பானெட் ஓரத்தில் கோடு கட்டித் தரையில் விழுந்தது. உப்புப் படிந்தால் துருப் பிடிப்பது அடிப்பகுதிதான் என்பதால் சக்கர வளைவுக்குள்ளும் கதவின் அடி விளிம்பிலும் மிச்சத் தண்ணீரை விசிறினார். உள்ளங்கையைக் கதவில் வைத்து இழுத்துப் பார்த்து, நெருடல் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஷாம்பூ நீரையும் துணியையும் எடுக்கச் சொன்னார். அன்று அந்த மணலோடு துணி போட்டிருந்தால், உலகத்தின் விலை உயர்ந்த கார் ஷாம்பூவும் பெயிண்டைக் காப்பாற்றியிருக்காது.

சென்னைக்குக் குடிவந்த பிறகு கண்டது வேறு வகை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, நகரம் தண்ணீர் லாரியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் குழாய் போட்டுக் கார் கழுவுவதைத் தடை செய்தார்கள், சரியான முடிவு. ஆனால் அதனால் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்கும் தம்பியின் பாடு திண்டாட்டமானது. விடியற்காலையில் கால் வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார்கள். மூன்றாவது காரிலேயே வாளி சேறாகிவிடும். அடுத்தடுத்த கார்களில் அவர் பூசியது முந்தைய கார்களின் மண். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கிளியர் கோட்டில் வட்டவட்டமாக மயிரிழைக் கீறல்கள் தெரியும். பழியைச் சோப்பின்மேல் போட்டுச் சிலர் அவரிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் சோப்பே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் கேட்டேன், "தம்பி, தண்ணி பத்தலைன்னா துணியையாவது கூட்டிக்கலாமே?" "துணி யாரு சார் தர்றாங்க?" என்றார். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் விற்கிறது. மெக்கானிக் கடைகளில் கை துடைப்பது அதில்தான். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தையலும் பட்டனும் இல்லாத நல்ல பருத்தித் துண்டுகளாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்தோம். அரை வாளித் தண்ணீரில் அரை பாக்கெட் ஷாம்பூ. முதலில் ஒரு துண்டை நிறைய நனைத்துப் பிழிந்து பரப்பில் ஊறவிட வேண்டும். அடுத்து நாலாக மடித்த துண்டால் ஒரே திசையில், அழுத்தாமல், ஓர் இழுப்பு. மடிப்பைத் திருப்பி அடுத்த இழுப்பு. எட்டுப் பக்கமும் அழுக்கானால் அந்தத் துண்டு ஓரமாகப் போகும், வாளிக்குள் திரும்பாது. மேலிருந்து கீழே வர வேண்டும். டயருக்கு வேறு துணி. அந்தத் துணி மறந்தும் கதவுக்கு வரக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு காருக்கு அரை வாளி தாராளம். செம்மண் ரோட்டில் போய் அப்பிக்கொண்டு வந்த வண்டிக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு முதலில் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் தாராளமாக உள்ளவர்களுக்கு இரண்டு வாளி முறை நல்லது. ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். துணியை வெறும் நீரில் அலசி மண்ணை உதிர்த்த பிறகே ஷாம்பூ நீரில் தோய்க்க வேண்டும். நுரை காய்வதற்குள் அலசி, கடைசியில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் புள்ளி விழும். கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊரில் கெடிலம் ஆற்றில் இறக்கி வண்டி கழுவியவர்களைக் கண்டிருக்கிறேன். கிரீஸும் சோப்பும் ஆற்றோடு போய்க் கடலில் கலந்தன. ஆற்றிலும் குளத்திலும் எந்தச் சோப்பானாலும், பூந்திக்கொட்டையே ஆனாலும், வண்டி கழுவக் கூடாது. மீனுக்குச் சப்போனின் நஞ்சு.

கையில் காசிருந்தால் கார் ஷாம்பூவே வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகை எடுக்காமல் மண்ணை வழுக்கி இறக்குவதற்கென்றே செய்தது அது. ஒரு பாட்டில் பல மாதம் வரும். அது தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஓட வேண்டாம். கண்டிஷனர் இல்லாத ஷாம்பூ ஒரு பாக்கெட், இரண்டு வாளி, பழைய பனியன் துணி, மர நிழல் இருந்தால் போதும். வேறு எதையாவது கையில் எடுத்துவிட்டுச் சந்தேகம் வந்தால் வீட்டில் பட்டுப்புடவை வைத்திருக்கிறவரைக் கேளுங்கள். அவர் தன் புடவைக்குப் போட மாட்டேன் என்று சொன்னால், வண்டிக்கும் போடாதீர்கள்.